பாலையில் மனைவண்டிகள்

வழிச்செல்வோர் தமக்கு வேண்டியவற்றைத் தாமே சுமந்து செல்லுதல் பண்டைநாள் தொட்டு வந்த வழக்கமாகும். கட்டுச்சோறும் நீர்க்குடுவையும் பாயும் கைவிளக்கும் இன்றி நெடுவழி புறப்பட்டவர் இலர். இவற்றையெல்லாம் மூட்டையாகக் கட்டலாம், தோளில் ஏற்றலாம், வண்டியில் வைக்கலாம். ஆனால், இக்காலத்து மனிதனுக்கு இன்றியமையாததாகிவிட்ட ஒன்றை மட்டும் அவன் நெடுங்காலம் உடன்கொண்டு செல்ல இயலாதிருந்தான். அதுவே மின்சாரம். மின்சாரம் கம்பியின் வழியே வருவது. கம்பியோ கம்பத்தோடு பிணைக்கப்பட்டது. கம்பமோ நிலத்தில் நடப்பட்டது. ஆதலின், கம்பம் முடியும் எல்லையில் விளக்கும் முடிந்துவிடும். அவ்வெல்லைக்கு அப்பால் சென்று, மாதக்கணக்கில் தங்கி, விளக்கேற்றி வாழ்கின்ற மக்களைப் பற்றியும், அவர்களுக்கு அவ்வாற்றலை அளிக்கும் கதிரவனைப் பற்றியும் இப்பாடத்தில் காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்குப் பகுதியில் அரிசோனா என்னும் மாநிலம் உளது. அதன் மேற்கெல்லையை ஒட்டி, கலிபோர்னியாவிற்குச் செல்லும் பத்தாம் எண் நெடுஞ்சாலையின்மேல் குவார்ட்சைட் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 2020-ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி அவ்வூரில் வாழ்வோர் ஏறக்குறைய 2,400 பேரே. சுற்றிலும் பாலை நிலம். சரளைக்கல் பரந்த வெளி. ஆங்காங்கே கள்ளிகளும் முட்புதர்களும். கோடையில் அங்கே வெப்பம் 40 செல்சியஸ் பாகைக்கு மேல் செல்லும். அக்காலத்தில் அவ்வூரைக் கடந்து செல்வோர் வண்டியை நிறுத்தவும் விரும்பார்.

ஆனால், குளிர்காலம் வந்ததும் அச்சிற்றூரின் தோற்றமே மாறிவிடுகிறது. வடக்கே பனி கொட்டும் மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வண்டிகள் வரிசை வரிசையாக வந்து சேர்கின்றன. இவை வெறும் வண்டிகள் அல்ல. படுக்கையும் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் உள்ளே அமைந்த வீடுகள். சில, தாமே ஓடும். சில, வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும். அமெரிக்கர் இவற்றை ‘ஆர்.வி.’ என்னும் இரண்டெழுத்தால் சுட்டுவர். நாம் மனைவண்டி என வழங்குவோம். ஊருக்குத் தெற்கே லா போசா என்னும் வெளி உளது. 11,000 ஏக்கருக்கு மேற்பட்ட அவ்வெளி நடுவணரசின் நிலநிர்வாகத் துறைக்கு உரியது. குளிர்காலத்தில் வருவோர் நெடுநாள் தங்குவதற்கென்றே இத்தகைய இடங்களை அத்துறை 1983-ஆம் ஆண்டு முதல் ஒதுக்கியுள்ளது. ஒரு கட்டணம் செலுத்தி உரிமச்சீட்டுப் பெற்றவர் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் அங்குத் தங்கலாம். தண்ணீர் நிரப்பிக்கொள்ளவும் கழிவுநீரை அகற்றவும் ஓரிடத்தில் வசதி உண்டு. வண்டி நிற்கும் இடத்திலோ குழாயும் இல்லை, மின்கம்பமும் இல்லை, எல்லை குறித்த மனையும் இல்லை. சரளை மண்ணில் விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வூரின் இடுகாட்டில் கற்களால் அமைந்த கூம்பு வடிவச் சின்னம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் உலோகத்தாற் செய்த ஒட்டகத்தின் உருவம் உளது. அமெரிக்கப் பாலையில் ஒட்டகத்திற்கு என்ன வேலை என்று நீங்கள் வியப்புறலாம். 1856-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர், நீரற்ற தென்மேற்கு நிலப்பரப்பில் பொதி சுமப்பதற்காக ஒட்டகங்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். அவற்றை நடத்த வந்தவருள் ஒருவர் ஹாஜி அலி. அவர் பெயரைச் சரியாக ஒலிக்க அறியாத படைவீரர் ‘ஹை ஜாலி’ என்று அழைக்கலாயினர். அப்பெயரே நிலைத்தது. ஒட்டகப் படை சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. ஹாஜி அலி மட்டும் அப்பகுதியிலேயே வாழ்ந்து 1902-இல் மறைந்தார். கிணறு இல்லாத வழியில் பல நாள் தாக்குப்பிடிக்கும் ஊர்தி எது என்பதே அன்று எழுந்த வினா. இன்று அதே வெளியில் வந்து நிற்கும் மனைவண்டிகளுக்கும் அவ்வினாவே உரியது. கிணற்றோடு மின்கம்பமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவே.

இங்கு வருவோர் அனைவரும் இன்பச்செலவு மேற்கொண்டவர் என்று எண்ணிவிடலாகாது. பணி ஓய்வு பெற்று, சொந்த ஊரில் நல்ல வீடும் உடையராய், குளிருக்கு அஞ்சி வருவோர் பலர். 1967-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடைபெறும் கற்கள், கனிமங்களின் கண்காட்சியைக் காண வருவோரும் பலர். ஆயினும், வேறொரு சாராரும் உளர். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியில் எண்ணற்றோர் வீட்டை இழந்தனர். சேமித்த பொருளை இழந்தனர். முதுமையில் வாடகை கொடுக்க வழியற்ற சிலர், சிறிய வண்டி ஒன்றை வாங்கி அதனையே வீடாகக் கொண்டனர். பருவத்திற்கேற்ற கூலிவேலையை நாடி ஊர் ஊராய்ச் சென்று, குளிர்காலத்தில் இப்பாலையில் வந்து தங்கினர். இவர்தம் வாழ்வை ஜெசிகா ப்ரூடர் என்னும் எழுத்தாளர் 2017-இல் ‘நோமாட்லாண்ட்’ என்னும் நூலாக எழுதினார். அது 2020-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

இத்தகையோருக்கு மின்சாரம் கேளிக்கைப் பொருள் அன்று. வேலைக்கு அழைப்பு வருவது கைப்பேசியில். மருந்து கெடாதிருப்பது குளிர்ப்பெட்டியில். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுடையார், இரவு முழுவதும் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிறு கருவி ஒன்றின் துணையோடு உறங்குகின்றனர். விடியுமுன் மின்சாரம் தீர்ந்துவிட்டால் அவர் உறக்கமும் கலையும், உடல்நலமும் கெடும். கம்பியற்ற வெளியில் ஒருவர் தங்கலாமா, ஆகாதா என்பதை அச்சிறு கருவியே முடிவு செய்கின்றது எனலாம்.

முன்னாளில் இதற்கு இருந்த வழி எண்ணெயால் இயங்கும் மின்னாக்கிப் பொறியே. அஃது இன்றும் பலரிடம் உண்டு. அதன் இரைச்சல் அக்கம்பக்கத்தார்க்கெல்லாம் தொல்லை. எனவேதான் லா போசாவில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காத்தல் வேண்டுமென விதி செய்துள்ளனர். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு கலந்திருக்கிறது. அந்நஞ்சுக்கு மணமும் இல்லை; நிறமும் இல்லை. காற்றோட்டமற்ற இடத்தில் அதனை மூச்சில் ஏற்றவர் உறக்கத்திலேயே உயிர் துறப்பர். இவற்றோடு எண்ணெய்ச் செலவும் நாள்தோறும் உண்டு. சிற்றறையில் தனித்து உறங்கும் முதியோர்க்கு ஏற்ற துணை அதுவன்று என்பது வெளிப்படை.

ஒளியிலிருந்து மின்னாற்றல் பெறலாம் என்பதை 1839-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு இளைஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 19. எனினும், அக்கண்டுபிடிப்புப் பயன்தரும் கருவியாவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனால் ஆகிய சூரிய மின்கலத்தை உலகிற்குக் காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் நூற்றுக்கு 6 பங்கை அது மின்னாற்றலாக மாற்றிற்று. சாப்பின் இம்முயற்சியில் இறங்கிய காரணம் நம் பாடத்தோடு தொடர்புடையது. மின்கம்பி செல்லாத தொலைவிடங்களில் உள்ள தொலைபேசிக் கருவிகளுக்கு உலர் மின்கலங்களைப் பயன்படுத்தி வந்தனர். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அவை விரைவிற் கெட்டன. அவற்றிற்கு மாற்றாக எதனைக் கொள்ளலாம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். ஆகவே, கம்பி எட்டாத இடத்திற்கு மின்சாரம் தருவதே இக்கருவி பிறந்த நோக்கமாகும். 1955-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்னும் ஊரின் அருகே, நாட்டுப்புறத் தொலைபேசிக் கம்பத்தின் உச்சியில் அதனை ஏற்றிச் சோதித்தனர். 1958 மார்ச்சு 17-இல் விண்ணில் ஏவப்பட்ட வான்கார்டு என்னும் சிறு துணைக்கோள் அதனைத் தாங்கிச் சென்றது. அக்கோளில் உலர் மின்கலத்தால் இயங்கிய ஒலிபரப்பி சில மாதங்களில் ஓய்ந்தது. சூரிய மின்கலத்தால் இயங்கியதோ 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. விண்வெளியினும் தொலைவான ‘கம்பியற்ற வெளி’ வேறு ஏது?

இன்று கடைகளில் விற்கும் தகடுகள், விழும் ஒளியில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மின்னாற்றலாக மாற்றுகின்றன. தெளிந்த வானில் நண்பகற்கதிர் செங்குத்தாக விழும்போது ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் பொழிகிறது. ஆகவே, ஒரு சதுர மீட்டர்த் தகடு 200 வாட் தரும் எனக் கொள்ளலாம். சிலிக்கன் ஒளியை எங்ஙனம் மின்சாரமாக்குகிறது என்பதைச் சுருங்கக் கூறுவோம். சிலிக்கன் சில்லு ஒன்றின் இரு புறங்களிலும் வெவ்வேறு பொருளை மிகச் சிறிதளவு கலந்துள்ளனர். அதனால் இரு புறமும் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்புலம் எழுகிறது. ஒளி பட்டதும் சிலிக்கன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. மின்புலம் அவற்றை ஒரு திசையில் மட்டுமே தள்ளுகிறது. வெளியே கம்பியை இணைத்தால் அவ்வழியே அவை சுற்றிவருகின்றன. ஒவ்வொரு சில்லும் தருவது ஏறத்தாழ அரை வோல்ட்டே. ஆதலின், 36 சில்லுகளைத் தொடராக இணைத்து 12 வோல்ட் சேமக்கலத்தை நிரப்புதற்கேற்ற தகடாக அமைக்கின்றனர்.

மனைவண்டியின் கூரைமேல் தகடுகளைப் பொருத்திவிட்டால் மட்டும் போதாது. ஏரிப் பாசனத்தை நினைவிற் கொள்க. மழை வேண்டும்; மழைநீரைக் கொண்டு வரும் வாய்க்கால் வேண்டும்; தேக்கி வைக்கும் ஏரி வேண்டும்; வேண்டுமளவு திறந்துவிடும் மதகு வேண்டும். இங்குத் தகட்டில் விழும் வெயிலே மழை. மின்னேற்றக் கட்டுப்படுத்தி என்னும் சிறு பெட்டி, வரும் மின்னோட்டத்தை அளவறிந்து செலுத்தும். கலம் நிறைந்தபின் வரவைத் தடுக்கும். இரவில் மின்சாரம் தகட்டிற்குத் திரும்பாமலும் காக்கும். சேமக்கலமே ஏரி. அதிலிருந்து விளக்கு, விசிறி முதலியவற்றிற்கு 12 வோல்ட் மின்சாரம் நேரே செல்லும். வீட்டுச் சாமான்களுக்கு வேண்டிய உயர் அழுத்த மாறுமின்னோட்டத்தை ஆக்கித் தருவது இன்வெர்ட்டர் என்னும் கருவி.

இனி ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். தனியே ஒரு சிறு வண்டியில் வாழும் மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். டிசம்பர் மாதம்; லா போசாவில் தங்கியிருக்கிறார். அவர் வண்டியின் கூரைமேல் 400 வாட் தகடுகள் உள்ளன. ஒரு வாட் ஆற்றலை ஒரு மணிநேரம் செலவிட்டால் அதனை ஒரு வாட்-மணி என்பர். அதுவே இக்கணக்கிற்கு நாணயம்.

முதலிற் செலவு. சிறு குளிர்ப்பெட்டி 45 வாட் இழுக்கும்; நாள் முழுதும் ஓடாமல் விட்டுவிட்டு ஓடுவதால் மொத்தம் 10 மணிநேரம் எனக் கொண்டால் 450 வாட்-மணி ஆகிறது. ஐந்து வாட் விளக்கு நான்கினை ஐந்து மணிநேரம் எரித்தால் 100. விசிறிக்கு 100. மடிக்கணினியை மூன்று மணிநேரம் பயன்படுத்தினால் 150. கைப்பேசிக்கும் வானொலிக்கும் 50. தண்ணீர் இறைக்கும் சிறு பொறிக்கு 20. மூச்சுக் கருவி 30 வாட்; எட்டு மணிநேர உறக்கத்திற்கு 240. கூட்டினால் 1,110 வாட்-மணி. நகரத்து வீட்டில் இவ்வளவு சிறிய தொகையை ஒருவரும் பொருட்படுத்தார். அங்கே மாதம் முடிந்து சீட்டு வந்தபின்பே செலவு கண்ணிற்படும். இம்மூதாட்டிக்கோ, ஒவ்வொரு விளக்கின் விலையும் அன்றாடம் தெரிகிறது.

இனி வரவு. டிசம்பரில் அப்பகுதியில் படுக்கைவாட்டில் கிடக்கும் தகட்டின்மேல் நாள் முழுதும் விழும் வெயிலைத் திரட்டினால், அது மூன்று மணிநேர முழுவெயிலுக்கே ஈடாகும். 400-ஐ மூன்றால் பெருக்க 1,200. கம்பியிலும் கருவிகளிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கொண்டால் எஞ்சுவது 960. செலவு 1,110, வரவு 960. நாளொன்றுக்கு 150 வாட்-மணி கடன்! சேமக்கலத்தில் இருப்பு உள்ளவரை ஒன்றும் தோன்றாது. சில நாள் கழிந்ததும், ஒருநாள் பின்னிரவில், மூச்சுக் கருவி நின்றுவிடும்.

வெயிலுக்குப் பேர்போன பாலையில் வெயிலுக்கு ஏன் பஞ்சம்? வானிலே குறையில்லை, தகடு கிடக்கும் நிலையிலேதான் குறை. குவார்ட்சைட் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 34 பாகையில் உள்ளது. டிசம்பர் 21 அளவில் கதிரவன் தென்கோடிக்குச் சென்றிருக்கும்போது, நண்பகலிலும் அங்கே அடிவானத்திலிருந்து 33 பாகை உயரத்திற்குமேல் எழுவதில்லை. சாய்ந்து வரும் கதிர், கூரைமேல் படுத்துக் கிடக்கும் தகட்டில் பரவி மெலிந்து விழுகிறது. கதிரை எதிர்நோக்கி நிற்கும் தகடு பெறுவதில் பாதிக்குச் சிறிது அதிகமே அது பெறும். உங்கள் கையில் ஒரு மின்விளக்கை வைத்துக்கொண்டு, சுவரின்மேல் நேராகவும் பின்னர்ச் சாய்வாகவும் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். வட்டம் நீண்டு மங்குவதைக் காண்பீர்கள்.

ஆதலின், அங்கு அனுபவமுடையோர் வண்டியை நிறுத்தும்போதே திசை பார்க்கின்றனர். வண்டியின் நீண்ட பக்கம் தெற்கு நோக்குமாறு நிறுத்துவர். பின்பு கூரையில் ஏறி, தகட்டின் வடபுற விளிம்பை நிமிர்த்தி முட்டுக்கொடுப்பர். அல்லது தகட்டைக் கழற்றித் தரையில் தெற்கு நோக்கிச் சாய்த்து வைப்பர். இவ்வாறு செய்தால் மூன்று மணிநேரம் என்று இருந்த வரவு ஐந்து மணிநேரம் அளவிற்கு உயரும். 400-ஐ ஐந்தால் பெருக்க 2,000. ஐந்தில் ஒரு பங்கு கழிய 1,600. நம் மூதாட்டிக்கு நாளொன்றுக்கு 490 வாட்-மணி மிச்சம். புதிய தகடு வாங்கவில்லை. ஒரு காசும் செலவில்லை. ஒரு மரச்சட்டத்தால் முட்டுக்கொடுத்ததே வேண்டியிருந்தது. ஆனால், பாலையிற் காற்று வலிது. சாய்த்த தகட்டை இறுகக் கட்டாவிடில் காற்று அதனைப் பாய்மரம்போல் தூக்கி எறிந்துவிடும். புறப்படுமுன் அதனை மீண்டும் படுக்கவைக்க மறந்து வண்டியைச் செலுத்தியவரும் உண்டு. அவருக்கு நேர்ந்ததை விரித்துரைக்க வேண்டா.

நிழல் மற்றொரு பகை. தகட்டிலுள்ள சில்லுகள் தொடராக இணைக்கப்பட்டவை என்று கண்டோம். வரிசையாய் நின்று கைமாற்றிக் குடம் கொடுப்போரில் ஒருவர் கை ஓய்ந்தால் வரிசை முழுதும் நிற்கும் அன்றோ? அதுபோலவே, ஒரு சில்லின்மேல் நிழல் விழுந்தாலும் அத்தொடர் முழுவதிலும் மின்னோட்டம் குறைந்துவிடும். இக்கேட்டைக் குறைக்க மாற்றுவழி திறக்கும் சிறு உறுப்புகளைத் தகட்டில் வைத்துள்ளனர். முற்றிலும் நீக்க அவற்றால் இயலாது. கூரைமேலுள்ள காற்றுப்போக்கி, குளிரூட்டியின் மூடி, வானொலிக் கம்பம் ஆகியவற்றின் நிழல் எந்நேரத்தில் எங்கு விழும் என்பதை அறிந்தே தகட்டைப் பொருத்துதல் வேண்டும். மரநிழலில் வண்டியை நிறுத்துவோர்க்குக் குளிர்ச்சி கிட்டும், மின்சாரம் கிட்டாது. பாலைப்புழுதியும் நிழலே, ஈரத்துணியால் அவ்வப்போது துடைத்தல் வேண்டும்.

வரவு பகலில், செலவின் பெரும்பகுதியோ இரவில். மாலை நான்கு மணி முதல் மறுநாட்காலை எட்டு மணி வரை நம் மூதாட்டிக்கு வேண்டுவது ஏறக்குறைய 700 வாட்-மணி. காரீயத் தகடும் அமிலமும் கொண்ட பழைய வகைச் சேமக்கலம் 100 ஆம்பியர்-மணி அளவுடையதாயின், ஏட்டளவில் 1,200 வாட்-மணி கொள்ளும். ஆனால், அதில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவிற் குறையும். எனவே, கைக்குக் கிட்டுவது 600 மட்டுமே. ஓர் இரவிற்கும் பற்றாது. இரண்டு வைத்தாலோ எடை 60 கிலோகிராம் அளவாகும். அண்மைக் காலத்தில் பரவியுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைச் சேமக்கலம் எடையிற் பாதியும் இராது. கொண்டதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். ஆயிரக்கணக்கான முறை நிரப்பி எடுக்கலாம். அதற்கும் ஒரு குறை உண்டு. நீர் உறையும் குளிரில் அதற்கு மின்னேற்றினால் கேடுறும். ஆகவே, மலைநாட்டுக் குளிரில் திரிவோர் அதனை வண்டியின் வெளிப்புறத்தில் வையாமல், தாம் படுக்கும் கட்டிலின் அடியிலேயே வைத்துக்கொள்கின்றனர்.

வெப்பம் தரும் கருவிகள் மின்சாரத்தைப் பெருவாரியாக விழுங்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 100 வாட்-மணி வேண்டும். அஃது அம்மூதாட்டி மாலை முழுவதும் எரிக்கும் விளக்குகளின் செலவுக்கு ஒப்பாகும். மேலும், 1,200 வாட் வேண்டும் ஒரு கருவியை 12 வோல்ட் சேமக்கலத்தால் இயக்கினால் 100 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். மெல்லிய கம்பி அதனைத் தாங்காது சூடேறும், தீப்பற்றவும் கூடும். விரல்தடிமன் செப்புக் கம்பியும், சேமக்கலத்தின் அருகிலேயே உருகிழையும் இன்றி இதில் இறங்குதல் அறியாமை. இக்காரணத்தால் அடுப்புக்கும் குளிர்காயவும் எரிவாயு உருளையையே மனைவண்டியினர் பெரும்பாலும் நம்புகின்றனர். கதிரவன் ஒருவனே அனைத்தையும் தருகிறான் என்று விற்பனையாளர் சொல்வதை முழுதும் ஏற்றல் கூடாது.

முகில் மூடிய நாட்களில் வரவு பத்தில் ஒரு பங்காகவும் இறங்கலாம். அந்நாட்களில் மடிக்கணினி உறங்கும். விளக்கு ஒன்றே எரியும். குளிர்ப்பெட்டியின் கதவு காரணமின்றித் திறவாது. வெயில் உச்சியில் நிற்கும் நாட்களிலோ, சேமக்கலம் நிறைந்து, வரும் ஆற்றல் வீணாகும் வேளையில் கைப்பேசிக்கு மின்னேற்றுவர். கணினி வேலையை முடித்துக்கொள்வர். ஊருக்குள் சென்று தண்ணீர் நிரப்பிவர வண்டியை ஓட்டும்போது அதன் எஞ்சினும் சிறிது மின்சாரம் தரும். அதற்காகவே வண்டியை ஓட்டுதல் பெருஞ்செலவு.

இத்துணை ஆற்றல் தரும் தகடுகளால் வண்டியையே ஓட்டலாகாதோ என்று நீங்கள் வினவலாம். கனத்த மின்வண்டி ஒரு கிலோமீட்டர் ஓட 300 வாட்-மணிக்கு மேல் வேண்டும். மூதாட்டியின் ஒருநாள் வரவு முழுவதையும் கொட்டினாலும் ஐந்து கிலோமீட்டரே செல்லலாம். ஆயினும், வண்டியை மெலிதாக்கித் தகட்டைப் பெரிதாக்கினால் இது முடியாததன்று என்பதைக் காட்டியோர் உளர். 1982 டிசம்பரில் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப், லாரி பெர்க்கின்ஸ் என்னும் இருவர் தாம் அமைத்த சூரிய வண்டியில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த்திலிருந்து புறப்பட்டு, 4,000 கிலோமீட்டர் கடந்து, 1983 சனவரியில் கீழ்க்கரையிலுள்ள சிட்னியை அடைந்தனர். அவ்வண்டி ஒருவர் அமரவே இடமுடையது, படுக்க இடமில்லை. படுக்கையும் அடுப்பும் கொண்டு, ஓடுவதும் கதிரொளியாலேயே ஆகிய மனைவண்டியை 2021-இல் நெதர்லாந்து நாட்டு ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்தனர். ‘ஸ்டெல்லா வீட்டா’ என்பது அதன் பெயர். நின்றவுடன் அதன் கூரை உயர்ந்து, இரு புறமும் சிறகு விரித்தாற்போல் தகடுகள் விரியும். மொத்தப் பரப்பு 17.5 சதுர மீட்டர். அதில் ஏறி அம்மாணவர்கள் தம் ஊரிலிருந்து ஸ்பெயின் நாட்டின் தென்முனையான தரீபா வரை சென்றனர்.

மீண்டும் லா போசாவிற்கு வருவோம். மார்ச்சு மாதம் முடிகையில் அங்கே வெயில் ஏறத் தொடங்குகிறது. கதிரவன் வடக்கு நோக்கி வர வர, தகட்டை நிமிர்த்த வேண்டிய தேவையும் குறைகிறது. சூன் மாதத்தில் படுத்துக் கிடக்கும் தகடே எட்டு மணிநேர முழுவெயிலைப் பெறும். டிசம்பரில் ஒவ்வொரு வாட்டுக்கும் ஏங்கியவர்க்கு அப்போது பொற்காலம் அன்றோ? அதுதான் இல்லை. தகடு சூடேறினால் அதன் ஆற்றல் குறையும். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவில் குறைவுபடும். கொதிக்கும் கூரைமேல் உள்ள 400 வாட் தகடு அந்நாளிலும் 2,400 வாட்-மணிக்கு மேல் அதிகம் தேற்றாது. கோடையில் உயிர்வாழக் குளிரூட்டியோ இன்றியமையாதது. அஃது ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் ஓடினாலே 9,000 வாட்-மணி ஆகும். மூதாட்டியின் எட்டு நாட்செலவை அஃது ஒரே நாளில் விழுங்கிவிடும். அத்துணை ஆற்றலைப் பெறுதற்கு வேண்டிய தகடுகளைப் பரப்ப அவர் வண்டியின் கூரையில் இடமில்லை.

எனவே, வெயில் நிறைந்த காலத்தில் வெயிலை விட்டு அவர்கள் நீங்குகின்றனர். ஏப்ரல் 15-க்குள் சாய்த்து வைத்த தகடுகள் மீண்டும் படுக்கவைக்கப்படுகின்றன, முட்டுக்கோல்கள் கட்டப்படுகின்றன, தொட்டிகள் நிரப்பப்படுகின்றன. சிலர் கனடாவிலுள்ள தம் வீட்டை நோக்கியும், வீடற்றோர் அரிசோனாவின் வடபகுதியில் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள பிளாக்ஸ்டாப் போன்ற குளிர்ந்த மலையூர்களை நோக்கியும் புறப்படுகின்றனர். அங்கே பைன் மரங்கள் உயர்ந்து நிற்கின்றன. வண்டியை நிறுத்துவோர் முதலில் செய்வது, மரங்களுக்கிடையே வானம் திறந்திருக்கும் ஓர் இடத்தைத் தேடுவதே.